மச்சான் மறைத்த வெள்ளைக்காரன்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று மொன்றியல் துறைமுக வாசலில் எவனைக் கேட்டாலும் சவிரிமுத்துவின் லொறி எது என்று காட்டுவான். எனக்கு ஒருவரும் தூக்கித் தந்ததில்லை. ஆனால் மரியதாசனுக்கு லாசாலில் அறை எடுத்துக் கொடுத்து, லொறி பழக்கி, என் தங்கை யோகமலரையும் கட்டிக் கொடுத்தவன் நான். அவனுடைய கதையை எழுத என்னைவிட உரிமையுள்ள ஆள் இல்லை.

மரியதாசன் திருகோணமலை ஆள். பூனைக்கண், வெளிறிய நிறம். கலியாணம் பேசும்போது நேராகவே கேட்டேன், குடும்பத்தில் ஏதாவது கலப்பு இருக்கிறதா என்று.

"இல்லை அண்ணை, அம்மாவின்ர பக்கம் எல்லாரும் கொஞ்சம் வெள்ளை" என்றான். நம்பினேன்.

முப்பது வருடத்துக்கு மேல் என் லொறியைத்தான் ஓட்டினான். பனியிலும் முகம் சுளித்ததில்லை. ஆனால் வீட்டில் அவனுக்கு மதிப்பில்லை. மகன் டினோஜன் பிரெஞ்சில் வெளுத்து வாங்குவான். இவன் தலையாட்டிக்கொண்டு இருப்பான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டினோஜனுக்கு றொட்டர்டாமில் நல்ல வேலை ஒன்று சரிவரும்போல் இருந்ததாம். ஐரோப்பியக் குடியுரிமை இல்லை என்று தட்டிவிட்டார்களாம்.

"என்னோட வேலை செய்யிற பெட்டையின்ர அம்மம்மா அயர்லாந்தில பிறந்தவவாம். அது ஒண்டே காணுமாம், பாஸ்போர்ட் குடுக்கிறாங்கள். எங்கட ஆக்களும் இருக்கினமே, எதுக்கு?"

மரியதாசன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "என்ர அம்மாவின்ர தகப்பன் அயர்லாந்துக்காரன்தான்."

யோகமலர் சிரித்தாள். "மத்தியானமே தொடங்கிட்டியளோ?"

அவன் குடித்திருக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலைக் கப்பல்தளத்துக்கு வேலைக்கு வந்தவனாம் அந்தக் கிழவன். கோயிலில் முறைப்படி கலியாணம் செய்திருக்கிறான். பிள்ளை நடக்கப் பழகுமுன் கப்பலேறியவன் திரும்பவேயில்லை. ஊர் அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. அந்த வெட்கத்தில்தான் மறைத்தானாம்.

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. டினோஜனோ எழும்பித் தகப்பனைக் கட்டிப்பிடித்தான்.

பிறகு அந்த வீட்டில் ஒரே திருவிழா. அயர்லாந்தின் கோர்க் நகரத்திலிருந்து கிழவனின் பிறப்புச் சான்றிதழ் வந்தது. திருகோணமலையிலிருந்து கலியாணப் பதிவு வந்தது. தகப்பன் முதலில் குடியுரிமை எடுத்தால் அதை வைத்துத் தானும் எடுக்கலாம் என்று டினோஜன் நினைத்திருந்தான். பாஸ்போர்ட் படம் எடுக்க இரண்டு பேரும் ஒரே காரில் போனார்கள். "மாமா, எங்கட அப்பா ஐரிஷ்காரன், தெரியுமோ?" என்று என்னிடமே பெருமையடித்து நெளிப்புக் காட்டினான். மரியதாசன் நிமிர்ந்து நடந்தான். அவனுக்கு அந்த நடை இருப்பதே எனக்குத் தெரியாது.

மரியதாசனுக்குக் குடியுரிமை கிடைத்தது. அயர்லாந்தின் பாஸ்போர்ட்டும் வந்தது, கருஞ்சிவப்பு அட்டையில் பொன்னிற யாழோடு. அதன்பின் டினோஜன் தனக்காக எழுதிக் கேட்டான். பதில் சுருக்கம்: மகன் பிறக்குமுன்பே தகப்பன் அங்கே குடிமகனாகப் பதிந்திருக்க வேண்டும். இப்போது பதிந்தது மகனுக்குச் சேராது.

பதில் வந்த அன்றும் நான் அங்கே இருந்தேன்.

"நான் பிறக்க முதல் பதிஞ்சிருந்தாக் காணும் அப்பா. ஏன் செய்யேல்லை?"

"சொல்லியிருந்தா உன்ர அம்மாவைத் தந்திருக்க மாட்டினம்."

"கட்டினாப் பிறகு?"

மரியதாசன் என்னைப் பார்த்தான். "மச்சான்ர லொறிதானே ஓடினனான்."

"மாமாவுக்குப் பயந்தோ?" டினோஜன் சிரித்தான். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "அப்ப நீங்களே வைச்சிருங்கோ அந்தப் பாஸ்போர்ட்டை."

இப்போது பழி என் தலையில். நான் மறைக்கச் சொன்னேனா? உண்மை தெரிந்திருந்தால் பெண் கொடுத்திருக்க மாட்டேன்தான். அதை எவர் முன்னாலும் சொல்வேன். ஆனால் கட்டிய பிறகு என்ன செய்திருப்பேன்? தங்கையை விதவையாக்கியிருப்பேனா?

டினோஜன் புரோசார்ட்டுக்கு வீடு மாறிவிட்டான். தாயோடு மட்டும் கதைக்கிறான்.

நான் பெரிய மனது வைத்து மரியதாசனிடம் போனேன். "கோர்க்கைப் போய்ப் பாத்திட்டு வா மச்சான், ரிக்கெற் நான் போடுறன்."

"எங்களை விட்டிட்டு ஓடினவன்ர ஊரில நான் ஆரைப் பாக்கிறது?"

"அப்ப பாஸ்போர்ட் சும்மா கிடக்கப்போகுதோ?"

"கிடக்கட்டும். உங்களுக்குப் பயந்து இவ்வளவு வருஷமும் நான் கிடக்கேல்லையே?"

இத்தனை வருடத்தில் அவன் என்னை எதிர்த்துச் சொன்னது அது ஒன்றுதான். மறுநாள் என் லொறியின் திறப்புக்கொத்தை யோகமலரிடம் எனக்குக் கொடுத்தனுப்பிவிட்டான்.