இரண்டு முழம்

"அண்ணே, பூ பத்தல."

சிதம்பரம் கீழவீதியில் எனக்குப் பூக்கடை. வெள்ளிக்கிழமை தவறாமல் இந்த அம்மா இரண்டு முழம் மல்லி வாங்குவார். அவர் வீட்டு அம்மன் படத்துக்கு அது கச்சிதமாக இருக்கும். அன்று வாங்கிப்போன அரை மணி நேரத்தில் திரும்பி வந்து நின்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இருவது வருசமா அளக்குற கைம்மா இது!"

"கோவப்படாதீங்க. அளந்து காட்டுங்க."

நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தைப் பிடித்து இரண்டு முறை அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. அவர் அதே சரத்தை வாங்கித் தன் கையில் அளந்தார். என் தோளுயரம்கூட இல்லாதவர். அந்தச் சின்னக் கைக்கே இரண்டு முழம் வரவில்லை. பூவைப் பலகையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஐந்து வருடத்துக்கு முன் என் உள்ளங்கைக்குள் கயிறுபோல ஏதோ இறுகி, நடுவிரலும் மோதிர விரலும் மடங்கிப் போயின. கடலூர் டாக்டர் மரத்துப்போக மருந்து போட்டு, ஊசி முனையாலேயே இறுக்கத்தை அறுத்து, படக்கென்று நிமிர்த்தினார். "திரும்ப வரலாம். மாசம் ஒரு தடவ கைய மேசையில பதிச்சுப் பாருங்க. பதியலன்னா வந்துருங்க" என்றார். ஒரு வருடம் பார்த்தேன். நன்றாகிவிட்ட கைக்கு என்ன சோதனை என்று அப்புறம் விட்டுவிட்டேன்.

இப்போது பலகையில் கையை அழுத்தினேன். பதியவில்லை; அடியில் ஒரு தீப்பெட்டி நுழையும். விரல் மடங்கினால் முழமும் குறையும்தானே. எத்தனை நாளாக, எத்தனை பேருக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன்?

கீரப்பாளையத்தில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த மனைவி சாயங்காலம் கடைக்கு வந்தாள். சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள். எப்போதும் நான் அளந்து கொடுப்பேன், அவள் நறுக்கி இலையில் சுற்றுவாள்.

"ஒரு வருசமா நீங்க அளந்த எடத்துலேருந்து முழத்துக்கு ரெண்டு விரக்கடை தள்ளித்தான் நறுக்குறேன். இன்னைக்கு நான் இல்ல."

"ஏண்டி சொல்லல?"

"மறுபடி ஊசின்னா பயந்துக்குவீங்கன்னுதான்."

கோபம் அவள்மேல் வரவில்லை. என் பயம் அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் வெட்கமாக இருந்தது.

கடலூர் டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு முறை ஊசியிலேயே நிமிர்த்தலாம், அதுக்கப்புறமும் மடங்கலாம், எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொன்னார்.

அதற்கு முன் வெள்ளி வந்தது. அந்த அம்மா எங்களைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார். எழுந்து பின்னால் போய், வீதியில் எல்லோர் முன்னாலும் மடங்கிய கையை நீட்டினேன்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுதாம்மா நெசம். இனிமே எங்க வீட்டுக்காரிதான் அளப்பா."

அவர் என் கையைப் பார்த்தார். திரும்பி வந்து என் மனைவி முன் நின்றார்.