துடைத்து வைத்த ஆறு

பிரான்காச்சோவுக்குப் போகும் பேருந்து ஒரேத்தோ ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒருவரும் கீழே பார்ப்பதில்லை. பலெர்மோவுக்கு வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஆறு வந்தால் எட்டிப் பார்க்கத்தானே வேண்டும்? ஒரு நாள், பக்கத்தில் கண்ணயர்ந்திருந்த அம்மாவைத் தட்டி, "இந்த ஆத்துக்கு என்ன பேர், தெரியுமோ?" என்று கேட்டேன். "ஆறோ? நான் கழிவு வாய்க்காலெண்டெல்லோ நினைச்சன்" என்றார். லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சின்யோராவின் வீட்டைத் துடைத்துக் கழுவிவிட்டு வருடக்கணக்காக இந்தப் பாலத்தால்தான் வீடு திரும்புகிறார். அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அம்மாவை இந்தத் தண்ணீருக்கு இறக்கிவிட வேண்டும். அம்மாவை மட்டும் ஏன், பேருந்தில் தூங்கி வழிகிற எங்கள் ஆட்கள் எல்லோரையும்தான்.

நான் பதினாறு வயதுவரை வளர்ந்தது ஊரில், நவாலியில். வழுக்கை ஆறு அங்கே வெயில் காலத்தில் வெறும் பள்ளம், ஆடு மேயும். மாரி பிறந்து மண்ணிறத் தண்ணீர் வந்தால் ஊரே குடையோடு போய் நிற்கும். சின்னம்மா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நிற்பார். சில வாரம் மட்டும் ஓடுகிற ஆற்றுக்கு அத்தனை சனம். வருடம் முழுக்க ஓடுகிற ஒரேத்தோவுக்கு ஒருவரும் இல்லை. எனக்கு ஏக்கம் அந்தப் பள்ளத்தின்மேல் அல்ல. 'எங்கடை ஆறு' என்று சொல்லிக்கொண்டு போய் நின்றோமே, அந்த உரிமையின்மேல்தான். இங்கே நாங்கள் 'எங்கடை' என்று சொல்வது permesso என்னும் வதிவிட அனுமதிக் காகிதத்தைத்தான், அதுவும் காலாவதியாகும்வரை.

ஒரேத்தோவுக்கு ஒரு குழு இருக்கிறது. கரையோரக் குடியிருப்பாளர், ஒரு பங்குக் கோயில், என்னைப்போலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவர்கள் சிலர். நடத்துபவர் ஜூசி, ஓய்வுபெற்ற ஆசிரியை. விலாங்கு மீன் மறுபடி இந்த ஆற்றில் வாழ வேண்டும் என்பது அவர்களின் ஆசை. தூர அட்லாண்டிக்கில் பிறக்கும் விலாங்கு, கண்ணாடிபோல உடல் தெரியும் குஞ்சாகக் குளிர்காலத்தில் ஆற்று வாயால் ஏறி வரும். ஏறி வந்தால் சந்திப்பது பழைய டயரும் பிளாஸ்டிக்கும்தான். கைகள் போதவில்லை என்று ஜூசி சொல்லி வாய் மூடுவதற்குள் நான், "எங்கள் ஆட்களைக் கூட்டி வருகிறேன்" என்றுவிட்டேன்.

எங்கள் ஆட்கள் பூசைக்குப் போகும் கோயிலில் அறிவிக்கும் வேலையைப் பலசரக்குக் கடை ரஞ்சன் மாமா ஏற்றார். "ஞாயிறு பூசை முடிய ஆத்திலை சிரமதானம். கத்தி, மண்வெட்டி கொண்டு வாங்கோ. செல்ஃபி எடுக்க மட்டும் வாறவை வீட்டிலை நிண்டு கறிக்கு வெங்காயம் உரியுங்கோ." வெங்காயம் உரிக்க ஒருவரும் நிற்கவில்லை, கறிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் வந்தார்கள். ஜூசி அம்மாவின் கையைப் பிடித்து, "என்னை ஜூசி என்றே கூப்பிடு" என்றார். அம்மா, "Sì, சின்யோரா ஜூசி" என்றார். குப்பையைக் காட்டிவிட்டு, மேலே இருக்கும் தடுப்பணையைப் பார்க்க ஜூசி என்னையும் மாணவர்களையும் கூட்டிப்போனார்.

திரும்பி வந்தபோது கரை பளபளத்தது. டயர் போயிருந்தது, பிளாஸ்டிக் போயிருந்தது. கூடவே நாணலும் போயிருந்தது. தண்ணீரில் விழுந்து கிடந்த கொப்புகளையும் வேர்களையும் இழுத்து மேலே அடுக்கியிருந்தார்கள். சருகு ஒன்றில்லை. ஒரு மாமி இரும்புப் பிரஷ்ஷால் கல்லில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் சிரமதானம் என்றால் கடைசியில் வெறும் நிலம் தெரிய வேண்டும். இந்த ஊரில் எங்கள் தொழிலும் அதுதான். சின்யோரா வீடு திரும்பும்போது நிற்பதுபோல அம்மா கைகட்டிச் சிரித்துக்கொண்டு நின்றார்.

ஜூசி குனிந்து, தேய்த்த கல்லொன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அழகாக இருக்கிறது. ஆனால் குஞ்சுகள் இனி எங்கே ஒளியும்?" என்றார். நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அம்மாவின் கட்டியிருந்த கைகள் கீழே விழுந்தன.

"துடைச்சுத் துடைச்சு, ஒண்டை அப்பிடியே விட என்ரை கைக்குத் தெரியேல்லை, பிள்ளை. நான் இனி வரேல்லை." பேருந்தில் ஏறியதும் அம்மா சொன்னது இது. குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒருவர், தமிழர் சமைத்துக் கொண்டு வந்தால் போதுமே, கறி அருமை என்றார். பாராட்டித்தான் சொன்னார். அம்மாவை ஒரு குசினியிலிருந்து இன்னொரு குசினிக்கு அனுப்பவா இவ்வளவு துள்ளினேன்?

வீட்டில் அதைக் கோபமாகச் சொன்னேன். அம்மா உடுப்பு மடித்தபடி கேட்டார். "அந்தக் கொப்புகள் இன்னும் மேலைதானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப திருப்பி வைக்கலாம்தானே. பெரிய வேர் வளைவிலை கிடந்தது, கவடு மேல்பக்கம். சின்னதுகள் அதுக்குக் கீழை, ஒண்டுக்கு மேலை ஒண்டு." மடித்த உடுப்பைத் தள்ளி வைத்தார். "என்னடி பாக்கிறாய்? சின்யோரா வீட்டிலை ஒரு சாமானைத் தூக்கித் துடைச்சா, இருந்த மாதிரியே வைக்கவேணும். இல்லாட்டி மனிசி கத்தும்."

நான் உடனே ஜூசிக்கு அழைத்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அம்மா வருவாரா?" அம்மா தலையாட்டினார். பிறகு தன் தொலைபேசியை எடுத்து நவாலிக்கு அழைத்து, "ஞாயிறு எடுக்காதை, ஆத்திலை வேலை இருக்கு" என்றார்.

"எந்த ஆத்திலை, அக்கா?" என்றார் சின்னம்மா. "இஞ்சை பள்ளமெல்லோ காஞ்சு கிடக்கு."

அம்மா கொஞ்சம் தடுமாறினார். "இஞ்சத்தை ஆத்திலை."

"அப்ப எனக்கும் காட்டுங்கோவன்."

குளிருக்கு முன், வருகிற ஞாயிறு, கொப்புகளை மறுபடி தண்ணீரில் இறக்கப் போகிறோம். நாணல் தானே முளைக்க வேண்டும், அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. குஞ்சுகள் வருமா என்பதும் தெரியாது. முதலில் பெரிய வேர். கயிற்றின் ஒரு தலைப்பை ஜூசி பிடிப்பார், மற்றதை அம்மா. நான் தொலைபேசியை உயர்த்திப் பிடிக்க வேண்டும். காய்ந்த பள்ளத்தின் கரையில் நின்று சின்னம்மா பார்ப்பார். கயிறு இறங்கும்போது அம்மா யாரைப் பார்த்து, எந்த மொழியில், "மெல்ல, மெல்ல" என்று சொல்வார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.