வாய் திறந்த செலீனா

பேசாலைச் செலீனா கம்பியூட்டர் படித்துப் பட்டம் வாங்கி மூன்று வருடமாகிவிட்டது. அதற்குள் ஆறு நேர்முகப் பரீட்சைகள். ஆறிலும் கொடுத்த கணக்கைப் பிழையில்லாமல் செய்தாள், ஆறிலும் தோற்றாள். இந்த அதிசயத்தை ஊரில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. மன்னார்ப் பட்டணத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்று, மற்றவர்களின் வேலை விண்ணப்பங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிழை வளர்ப்பில் இருந்தது. வலை கரைக்கு வருமுன் மீனைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது மீன்பிடிக்கப் போகும் அவளுடைய தகப்பன் சிங்கராசாவின் வீட்டில் பதினோராவது கட்டளை. எங்கே வலை போடப்போகிறோம், எவ்வளவு படும் என்று முன்கூட்டிச் சொன்னால் வெறும் வலைதான் ஏறும். சின்ன வயதில், இன்றைக்கு நிறையச் சூடை மீன் படும் என்று சொல்லி அடி வாங்கியவள் செலீனா.

கொழும்புக் கம்பெனிக்காரருக்கோ வாய்க் கதை வேண்டும். நேர்முகம் இணையத்தில்தான்; திரையில் ஒரு கணக்கைக் காட்டுவார்கள். மனதில் ஓடுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே புரோகிராம் எழுத வேண்டும். செலீனா வாயை இறுக மூடி, பத்தே நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு நிமிர்வாள். அதற்குள் அந்தப் பக்கத்தில் இருப்பவர், இணைப்பு அறுந்துவிட்டதென்று நாலு தரம் 'ஹலோ' சொல்லியிருப்பார். ஒரு புத்திசாலி, பின்னால் யாரோ ஒளிந்திருந்து சொல்லிக்கொடுப்பதாகச் சந்தேகப்பட்டு, கமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொன்னார். சுவரில் படமாகத் தொங்கிய புனித அந்தோனியாரைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. அன்று அவள் ஆத்திரத்தில் அழுதே விட்டாள்.

ஏழாவதும் போனால் கடையோடுதான் காலம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கட்டளையை மீறினாள். கணக்கு சின்னதுதான்: நீண்ட பட்டியலொன்றில் இரண்டு தரம் வரும் பெயர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம், இதில் நேரம் மிச்சம், அதில் இடம் மிச்சம் என்று நாற்பது நிமிடம் வாய் ஓயாமல் கதைத்தாள். செய்யாததைச் செய்ததுபோலச் சொல்வது இவ்வளவு சுகமா என்று அவளுக்கே ஆச்சரியம். நேரம் முடிந்தபோது புரோகிராம் பாதியில் நின்றது. எழுதிய பாதியும் ஓடவில்லை. மேலாளர் முகம் மலர்ந்து, என்ன தெளிவான சிந்தனை என்று பாராட்டினார். மூன்றாம் நாள் வேலைக் கடிதம் வந்தது.

அவளுக்குச் சந்தோசம்தான். வெட்கமாகவும் இருந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டியபோது சிங்கராசா வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கணக்கைச் சரியாகச் செய்தாளா என்று மட்டும் கேட்டார்.

"இல்லையப்பா. நல்லாக் கதைச்சனான்."

அவர் கையிலிருந்த சிக்கை எடுத்து முடித்தார்.

"கொழும்புக்கு அது போதும், பிள்ளை," என்றார். "கடலுக்குக் காணாது."