எண்பத்தாறு சதவீத பேட்டரி

பாரிஸுக்கு வெளியே நான் வேலை செய்யும் அலுவலகத்தில், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் வீட்டுக்குப் புறப்படுகிறோம் என்று அர்த்தம். ஒருநாள் காலை, ஜன்னலோரம் போய் உட்காரலாமென்று நான் பிடுங்கியதும் பக்கத்து மேசை சாண்ட்ரின் "பொன்சுவார்" என்று மாலை வணக்கம் சொல்லி விடைகொடுத்தாள். கரண்ட் போகாத ஊரில் சார்ஜர் எப்போதும் சுவரிலேயே கிடக்கிறது. உள்ளே பேட்டரி என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில்லை.

சாண்ட்ரின் பயன்படுத்திய மடிக்கணினியை அலுவலகம் கழித்தபோது, கேட்டு வாங்கினேன். விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தபோது கருவடிக்குப்பத்தில் இருக்கும் ஜாக்குலின் அக்காவிடம் கொடுத்தேன். பிரான்சில் மருத்துவமனைக்குப் போகும் தமிழர்களுக்கும் தமிழ் தெரியாத டாக்டர்களுக்கும் நடுவே, வீட்டிலிருந்தபடி, போன் நெட்டில், வீடியோ வழியாக மொழிபெயர்ப்பது அக்காவின் வேலை. கொடுக்குமுன் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். புதிதாக இருந்தபோது கொண்டதில் எண்பத்தாறு சதவீதம் இன்னும் கொள்ளும் என்றது. "கரண்ட் போனாலும் ரெண்டு மணி நேரம் ஓடும்க்கா" என்று தைரியம் சொன்னேன்.

அந்த வாரமே, சர்க்கரை நோயுள்ள ஒரு கர்ப்பிணிப் பெண் அக்கா மூலம் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பாதிக்குமேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டியபடியே திரை அணைந்தது. அக்கா போனில் மறுபடி இணைவதற்குள் டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

"இன்சுலினை எவ்ளோ கூட்டணும்னு கேட்டுட்டு இருந்தா. அவர் சொல்றதுக்குள்ள போயிடுச்சிடா. எண்பத்தாறுன்னியே?"

"அது அளந்தது இல்லக்கா. பேட்டரிக்குள்ள இருக்கிற சிப் போடுற கணக்கு."

சார்ஜ் முழுதாக வடிந்து, மறுபடி ஏறினால்தான் அந்தக் கணக்கு சரியாகும். சாண்ட்ரின் மேசையில் அது வடிந்ததே இல்லை. சிப் பழைய நம்பிக்கையிலேயே இருந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி நேரம் கிடைத்தது. அதுவரை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நான் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தானாக அணையும்வரை படம் ஓடவிட்டேன். மறுபடி ஏற்றி, மறுபடி வடியவிட்டேன். ரிப்போர்ட் இப்போது முப்பத்தொன்று என்றது.

"முப்பத்தொண்ணா? இதுக்கா சிரிக்கிற?"

"இப்பதான்க்கா உண்மையைச் சொல்லுது. அரை மணி நேரம்னு காட்டினா அரை மணி நேரம் நிக்கும். புது பேட்டரி வர்றவரைக்கும் சமாளிச்சுக்க."

அந்தப் பெண் திரும்ப வந்த அன்றும், பேச ஆரம்பித்ததும் கரண்ட் போனது. பக்கத்து அறையில் இருந்த எனக்கு அக்காவின் குரல் கேட்டது. இங்கே 'கூப்பூர்', முதலில் இன்சுலின் அளவைச் சொல்லிவிடுங்கள் என்று பிரெஞ்சில் சொன்னாள். மின்தடைக்கும் வெட்டுக்காயத்துக்கும் பிரெஞ்சில் அந்த ஒரே சொல்தான். டாக்டர் பதறி, எங்கே வெட்டிக்கொண்டீர்கள், இரத்தம் வருகிறதா என்று கேட்டார். எனக்கில்லை, கரண்டுக்கு என்றாள் அக்கா. அவர் அளவைச் சொன்னார். அக்கா தமிழில் சொல்ல, அந்தப் பெண் யாழ்ப்பாணத் தமிழில் இரண்டு முறை திருப்பிச் சொன்னாள். பிறகு குழந்தையின் அசைவு, சாப்பாடு, அடுத்த வருகை என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பேசி முடித்தார்கள்.

"வாடா, முடிஞ்சிடுச்சி. இன்னும் எட்டு நிமிஷம் மிச்சம் காட்டுது" என்று அக்கா கூப்பிட்டாள்.

போனேன். அந்தப் பெண் போய்விட்டிருந்தாள். திரையில், இணைப்பைத் துண்டிக்க டாக்டர் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் மழை. அங்கே நான் தினமும் வேலைக்குப் போகும் பஸ், அதே எண்ணோடு, அந்த மழையில் மெதுவாகக் கடந்துபோயிற்று. விசிறி நின்ற அறையில் வேர்த்து வடிந்துகொண்டிருந்த நான், அதைத் தவறவிட்டவன்போல ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன்.