மாமா ஏறின கரும்பு வண்டி

ஒரு மாட்டுகிட்ட கைகூப்பிக் கெஞ்சியிருக்கீங்களா? நான் கெஞ்சியிருக்கேன். எங்க தீவுல சுயாக்ங்கிற ஊருக்குப் பக்கத்துல எங்க மாமா வீட்டு வாசல்ல, கரும்பு ஏத்தின வண்டிக்கு முன்னாடி நின்னு. காலேஜ் லீவுக்கு வந்த திமிருல "நகருங்க, நான் ஓட்டுறேன்"னு சொல்லிட்டேன். ரெண்டு காளையும் என்னை ஏற இறங்கப் பார்த்துச்சு. ஒண்ணு நிதானமா படுத்துடுச்சு.

விளையாட்டுக்கு ஓட்டப் போகல. ரெண்டு மாசம் முன்னாடி ரோட்டு வளைவுல வண்டி ஓட்டிட்டு வந்த மாமாவ ஒரு லாரி அடிச்சிருச்சு. மாடு மிரண்டு வண்டியோட தானா வீடு வந்துச்சு. ஆளில்லாத வண்டியப் பார்த்துத்தான் மாமிக்கு விஷயமே தெரிஞ்சுது. ஆஸ்பத்திரியில ஒரு கால முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. லாரிக்காரன் எட்டிக்கூடப் பார்க்கல. வீட்டுச் செலவுக்குப் பால்மாட்ட வித்தாச்சு, மாமி எஸ்டேட்டுக்குக் களையெடுக்கப் போனாங்க, சின்னதுங்களப் பார்த்துக்க மூத்த பொண்ணு பள்ளிக்கூடத்த விட்டுட்டா. கால் போனது ஒருத்தருக்கு, ஆனா அந்த வீடே நொண்டிச்சு. மாமா வாசப்படி தாண்டறதே இல்ல, செவுத்தப் பார்த்துப் படுத்திருப்பாரு. மிச்சம் இருந்தது அவங்க துண்டு நிலத்துக் கரும்புதான். அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்து வெட்டிக் குடுத்துட்டாங்க. வெட்டினது காஞ்சா ஆலையில வாங்க மாட்டான். அன்னிக்குப் போகலன்னா அந்த வருஷச் சாப்பாடே போச்சு.

மாமி என்னைப் பார்த்தாங்க. "போதும்பா, மாடு சிரிக்குது. அதுக்குத் தெரிஞ்ச ஆளு உள்ள படுத்திருக்கு."

உள்ள போனாங்க. என்ன பேசினாங்கன்னு கேக்கல. கொஞ்ச நேரத்துல மாமா குரல்: "நாலு பேரு வந்து தூக்குங்கடா." நாற்காலியோட தூக்கி, கரும்பு மேல ஒக்கார வச்சு, காலுக்கடியில தலகாணி வச்சோம். மாமா ஒரே ஒரு தடவ "அலே, சோம்பேறி"ன்னாரு; அலேன்னா எங்க ஊர்ல 'கெளம்பு'. படுத்திருந்த காளை எழுந்த வேகம் இருக்கே, எனக்கு அவமானமா போச்சு.

ரோட்டுல ஒருத்தர் கேட்டாரு: "என்ன அண்ணே, தேரா?"

"ஆமாண்டா, சாமி நான்தான். கும்பிட்டுக்கோ."

ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான் மாமா சிரிச்சாரு. பக்கத்துல நடந்து வந்த மாமி முந்தானையால முகத்தத் தொடச்சுகிட்டாங்க, வேர்வைன்னு சொல்லிக்கிட்டு. அப்புறம் அந்த வளைவு வந்துச்சு. எதிர்ல ஒரு லாரி. மாமா கரும்பக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு, மாடும் நின்னுடுச்சு. மாமி வண்டியில கெடந்த கரும்பு அரிவாள எடுத்துட்டு நடு ரோட்டுக்குப் போய் நின்னாங்க. டிரைவர் ஹாரன் அடிச்சான்.

"நல்லா அடி. எனக்கு இன்னிக்கு வேற வேலையில்ல."

லாரி பின்னாடி போய் ஓரம் கட்டிச்சு. மாமா இன்னும் கரும்ப விட்ட பாடில்ல. அதனால மாமியே திரும்பி, அவரு குரல்லயே, அதே திட்டோட "அலே"ன்னாங்க. மாடு ஒரு நிமிஷம் யோசிச்சுது. நடந்துச்சு. மேலேருந்து மாமா, "என்னையே மிஞ்சிட்டாளே இவ"ன்னாரு. ஆலை வரைக்கும் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கத்திக்கிட்டே வந்தாங்க. தராசுக்காரன் கரும்ப ஒடிச்சுப் பார்த்தான், தலையாட்டினான், நிறுத்தான்.

இது அடுத்த வருஷ லீவு. இப்ப மணி பதினொண்ணு. மாமி வண்டி ஓட்டிட்டு ஆலைக்குப் போயிருக்காங்க. மாமா சோறு வடிச்சிட்டிருக்காரு.