குறையாத சொம்பு

இது நடந்தது. நடக்கவில்லை என்று சொல்ல முடிந்தால் எங்கள் குடும்பத்துக்கு நல்லது. திருவண்ணாமலையில் நாற்பது வருடமாக எங்கள் அப்பா பெயரில் ஆஸ்பத்திரி நடக்கிறது. அந்தப் பெயரில் தூசு படாமல் காவல் காத்தவன் நான். ஆனாலும் எழுதுகிறேன். என் தம்பி பலராமன் மயக்க மருந்து டாக்டர். தொழிலில் ஒரே ஒரு பொய் எழுதினான். அதை எழுதச் சொன்னது நான்.

பதினாலு வருடம் முன்பு, ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். கீழ்பென்னாத்தூர் காசியம்மாளின் ஏழு வயது மகன் சக்திவேலுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நல்லபடியாக முடிய வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, முந்தின நாள் அவனை வெறுங்காலோடு தார் ரோட்டில் நடத்தியே மலை சுற்றிக் கூட்டி வந்திருந்தாள். பதினாலு கிலோமீட்டர். விரதம்.

"ஐயா, நேத்து காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கலைங்க புள்ள."

"ராத்திரி பன்னெண்டு மணிலேர்ந்து கணக்குப் போட்டாச்சி. வெளிய போம்மா."

எத்தனை மணி நேரப் பட்டினியோ, அதற்கேற்ற அளவில் ட்ரிப்ஸ் ஏற்றுவது வழக்கம். பலராமன் தன் கணக்கை மாற்றவில்லை. மேசையில் படுத்த பையன் மூன்று முறை தண்ணீர் கேட்டான். தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மயக்கம் கொடுத்த நாலாம் நிமிடம் ரத்த அழுத்தம் விழுந்தது. பிறகு எழவே இல்லை.

"சாவுக்குக் காரணம் என்னண்ணா எழுதறது?" என்று போனில் கேட்டான்.

"பொறந்ததிலேர்ந்தே இதயம் வீக்குனு எழுது" என்றேன்.

மகனின் நோயை மறைத்தவள் என்று ஊர் அவளைத்தான் ஏசியது.

போன மாதம். அன்றும் பௌர்ணமிக்கு மறுநாள். பலராமனின் பேத்தி கவிநிலாவுக்கு, ஆறு வயது, சிறுநீரகக் குழாயில் அடைப்பு. காலை 9.00க்கு ஆபரேஷன். சொந்தப் பேத்திக்குக் கை நடுங்கும் என்று மயக்கம் கொடுப்பதை டாக்டர் தமிழ்செல்வியிடம் விட்டுவிட்டுப் பலராமன் பக்கத்தில் நின்றான். 6.40க்கு அவனே ஒரு பாட்டில் சர்க்கரைத் தண்ணீரைக் குழந்தை கையில் கொடுத்திருந்தான். காலிப் பாட்டிலையும் பார்த்திருந்தான்.

9.12. குழந்தை மயங்கி, மூச்சுக்குழாயில் டியூபும் போட்டாயிற்று. தமிழ்செல்வி நெஞ்செலும்புக்குக் கீழே ஸ்கேன் கருவியை வைத்தாள். இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் திரையில் தெரிந்தது. உருண்டு நிற்க வேண்டியது. மூச்சுக்கு மூச்சு தட்டையாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், குழந்தை காஞ்சி கெடக்கு. ட்ரிப்ஸ் கூட்டணும்."

"என் கையால தண்ணி குடுத்திருக்கேன். ஜாஸ்தி ஏத்தினா நுரையீரல்ல நிக்கும். மெஷினைத் துடைச்சிப் பாரு."

"துடைச்சாச்சி சார். நீங்க கண்ணாடியைத் துடைச்சிட்டு வந்து பாருங்க."

பலராமன் நகரவில்லை. ட்ரிப்ஸ் குழாயின் திருகை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டான். நாடித் துடிப்பு 118. பிறகு 131.

9.17. "தண்ணி..."

பலராமன் திரும்பினான். நர்ஸ் ரேவதி பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் மாற்றமில்லை.

மேசையிலிருந்துதான் வந்தது. ஆனால் குரல்நாண்களுக்கு நடுவே டியூப் போகிறது. அந்தக் குழந்தையால் பேச முடியாது.

"தண்ணி..."

பெண் குழந்தையின் குரல் இல்லை அது.

துடிப்பு 144. பச்சைத் துணி விலகியிருந்தது. கீழே இரண்டு பாதங்கள். தார் ஒட்டிய பாதங்கள். கொப்புளம் வெடித்து...

கண்ணை மூடித் திறந்தான். பேத்தியின் வெள்ளைப் பாதங்கள்.

பிறகு காதருகே... கத்தலாக...

"தண்ணி!"

9.19. விரல் தானாக விலகியது. "ஏத்தும்மா" என்றான்.

தமிழ்செல்வி ஏற்றினாள். நிறுத்தினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி கொஞ்சம் ஏற்றினாள். தட்டையாயிருந்த குழாய் மெல்ல உருண்டு திரண்டது. துடிப்பு இறங்கியது. குழந்தை பிழைத்தாள்.

மறுநாள் கட்டிலில் உட்கார்ந்து கவிநிலா சொன்னாள். "அந்தத் தண்ணிய நான் குடிக்கல தாத்தா. நைட்டு பாலையும் ஜன்னல்ல ஊத்திட்டேன். பயமா இருந்திச்சி."

"பாட்டில் காலியா இருந்திச்சே கண்ணு?"

"ஆபரேஷன் ரூம் கதவாண்ட ஒரு அண்ணன் நின்னுட்டு இருந்தான். காலெல்லாம் தாரு. மலை சுத்தி வந்தானாம். தாகமா இருக்குன்னான். குடுத்துட்டேன்."

பலராமன் போர்வையை விலக்கி அவள் பாதங்களைப் பார்த்தான்.

"உள்ள போயி உனக்குத் தாகம் எடுத்தா என்ன பண்ணுவ, உங்க தாத்தாவுக்குக் காது கேக்காதேன்னான். நான் வேணா உனக்காக சத்தமா கேக்கறேன்னான்."

அன்று மாலை பலராமன் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். நான் தடுக்கவில்லை. மறுநாளே இருவரும் கீழ்பென்னாத்தூர் போனோம். காசியம்மாள் வீட்டில் தனியாக இருந்தாள். நின்றபடியே உண்மையைச் சொன்னோம். நான் சொல்லிக் கொடுத்த வரியையும் சேர்த்து.

"அன்னிக்கே சொன்னனேங்க, தண்ணி குடிக்கலன்னு" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு மகன் படத்தைக் காட்டினாள். முன்னால் பித்தளைச் சொம்பு.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணி வெப்பேங்க. விடிஞ்சி பார்த்தா பாதி கம்மியாயிருக்கும். பதினாலு வருசமா அப்படித்தான். இந்த வாட்டி மட்டும் அப்படியே நிக்குது. வர்றத வுட்டுட்டானோன்னு அழுதுக்கினு இருந்தேன்."

அந்தச் சொம்பையே எடுத்து நீட்டினாள். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

தம்பி இரு கையாலும் வாங்கினான். குடிக்க முடியவில்லை. என்னிடம் தந்தான். எழுபத்தாறு வயதில் யார் முன்னும் குனியாத நான், வாய் வரை கொண்டுபோனேன். படத்தின் முன் அப்படியே வைத்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது காசியம்மாள் எங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை.

உள்ளே...

மடக்... மடக்... மடக்...