செம்பட்டைத் தலைக்காரி திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் குடும்பமே ஒரு தீவில் மாட்டிக்கொண்டிருந்தது. கப்பல் உடைந்து, பெயர் தெரியாத தீவொன்றில் கரையேறியவர்களைப் பற்றிய வெளிநாட்டுத் தொடர் அது. தமிழில் குரல் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் போட்டார்கள். தீவின் மறுகோடியில் ஒரு பழைய கலங்கரை விளக்கம். ஆளே இல்லாத தீவு என்றார்கள். ஆனால் இருட்டிவிட்டால் அந்த விளக்கு தானாக எரியும். ஏற்றுவது யார்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவர்கள் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு டிவியில் அந்த சேனல் வராது. வரவழைக்கலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அப்பா, பார்க்கலாம் என்பார். அப்பா கோர்ட்டில் வேலை பார்த்தவர். எதையும் அடுத்த தேதிக்குத் தள்ளி வைப்பதில் நல்ல பழக்கம் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பேரும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். அம்மா பால்கோவா வாங்கிக்கொள்வாள். பஸ்ஸிலேயே எனக்குக் கொஞ்சம் கிள்ளித் தருவாள்.

பெரியம்மா அம்மாவுக்கு உடன் பிறந்த அக்கா. பெரியப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார். வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். வாரம் முழுவதும் அந்த வீட்டில் உரக்கப் பேசித்தான் பழக்கம் என்பதால், தறிகள் ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் எல்லோரும் உரக்கவே பேசினார்கள். அத்தை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அத்தை, பெரியப்பாவின் ஒரே தங்கை. சோழபுரத்தில் மாவு மில் வைத்திருந்தாள். மாமா இறந்த பிறகு மில்லையும் மகனையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள். அவள் குரலுக்குப் பயந்து மில்லில் வரிசை கலையாது என்பார்கள்.

தொடரில் வந்தவர்களின் பெயர்கள் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். டாக்டர், தாடிக்காரன், பூனைக் கிழவர். கப்பலில் சமையல் வேலைக்கு வந்த பெண்ணுக்குச் செம்பட்டைத் தலைக்காரி என்று பெயர். இடுப்பு வரை முடி. அவள்மேல் எல்லோருக்கும் பிரியம் இருந்தது. அத்தைக்கு மட்டும் கிடையாது. ஆம்பளைகள் பேசும் இடத்தில் அவள் முந்திக்கொண்டு பேசுகிறாள் என்பது அத்தையின் குறை. அத்தை அதை ஆம்பளைகள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் சொல்வாள்.

அந்த வருடம் அந்த வீட்டில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. பெரியம்மா மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, கோயம்புத்தூரில் துணி நெய்யும் தொழிலையே இன்ஜினியரிங்காகப் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆனால் மாமா இறந்த வீட்டில் வைத்து, உன் மகனுக்கு என் மகள்தான் என்று பெரியப்பா தங்கையிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அப்போது என்னைவிடச் சின்னவளாம். இப்போது அத்தை அந்த வாக்கைக் கேட்டு வந்திருந்தாள். "நூல் நூக்குறதப் படிக்கக் கோயம்புத்தூர் போணுமாக்கும்? நம்ம ஊர்ல இல்லாத மில்லா?" என்று கேட்டாள். கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பெரியம்மா அடுக்களையில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். இதெல்லாம் என் காதில் விழுந்தது. என் கவலை முழுக்கத் தீவில் இருந்ததால் காதோடு நின்றுவிட்டது.

அந்த வாரம் செம்பட்டைத் தலைக்காரி ஒரு காரியம் செய்தாள். டாக்டர் தடுத்தார், தாடிக்காரன் கத்தினான். அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு கத்தியும் தண்ணீர்க் குப்பியும் எடுத்துக்கொண்டு கலங்கரை விளக்கத்தைப் பார்க்கத் தனியாகச் சதுப்புக்குள் இறங்கிவிட்டாள். பனி வந்து அவளை மூடியது. கொஞ்ச நேரத்தில் ஓர் அலறல் கேட்டது. அதோடு 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள்.

"போனவ போனவதான். ஒத்தப் பொம்பள எதுக்கு இருட்டுக்குள்ள போறா? இனி வரமாட்டா" என்றாள் அத்தை. கதவோரம் நின்றிருந்த அக்கா உள்ளே போய்விட்டாள்.

"வந்துருவா" என்றேன் நான்.

எனக்கு அதற்கு ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு வாரமும் தொடர் தொடங்குமுன் பாட்டுப் போடுவார்கள். அந்த நேரத்தில் பெரியவர்கள் காப்பிக்கும் கழிப்பறைக்கும் போய்விடுவார்கள். நான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பாட்டின் கடைசியில், கண்ணிமைக்கும் நேரம், கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒரு பெண் முதுகு காட்டி நிற்பாள். கழுத்தோடு வெட்டிய முடி. ஆனால் நிறம் செம்பட்டை. தொடரில் குட்டை முடியோடு வேறு எந்தப் பெண்ணும் கிடையாது. அப்படியானால் அவள் விளக்கு வரைக்கும் போய்ச் சேருகிறாள், முடி வெட்டுகிறாள், உயிரோடு இருக்கிறாள். இதை நான் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அத்தை சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லாப் பாத்தியாட்டி?" என்று கேட்டார். நன்றாகப் பார்த்தேன் என்றேன். கொஞ்சம் கழித்து, நாங்கள் செருப்புப் போடும்போது, மறுபடியும் அதையே கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்ததும் அவரே பேச்சை எடுத்தார். அதற்கு முன் அவர் தொடரைப் பற்றித் தானாக வாய் திறந்தே நான் பார்த்ததில்லை.

"தங்கச்சி, இவ இன்னும் அதையேதான் சொல்லுதா. அந்தப் பொம்பள வந்துருவாளாம்."

"வரமாட்டா அண்ணே."

"ஒருவேள வந்துட்டா?"

"எங்கிட்டு வர? பனிக்குள்ள போயி அலறுனத நீயுந்தான கேட்ட?"

"அதான் கேக்கேன், வந்துட்டா என்ன செய்ய?"

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்துட்டா, இந்தா நிக்காளே ஒம்மக, இவளையும் எங்க வேணும்னாலும் அனுப்பு. நானே வந்து பஸ் ஏத்தி விடுதேன். போதுமா?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். பெரியம்மா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். பெரியப்பா சட்டென்று, "நானும் தங்கச்சி கட்சிதான். அவ வரமாட்டா. இவதான் எதிர்க்கட்சி" என்று என்னைக் காட்டினார். நான் தோற்றால் இனிமேல் அவருடைய நாற்காலியில் உட்காரக் கூடாது. ஜெயித்தால் எல்லோரையும் அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிப் போவார். நான் உடனே கையை நீட்டினேன். இரண்டு பெரிய ஆட்களுக்கு எதிராகத் தனியாகப் பந்தயம் கட்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

தொடர் ஆரம்பித்தது. பாட்டுப் போடும்போது ஒருவரும் எழுந்து போகவில்லை. அந்தப் பெண் வந்து போனாள். "அதுவா? அது ஆம்பளயால்ல இருக்கு" என்றாள் அத்தை. கடற்கரையில் எல்லோரும் நம்பிக்கை இழந்துவிட்டார்கள். தாடிக்காரன் அவளுடைய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். பூனைக் கிழவர் மட்டும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பனிக்குள் ஏதோ அசைந்தது. அப்போது கரண்ட் போனது.

தெரு முழுவதும் ஒரே நேரத்தில் "ச்சே" என்ற சத்தம் எழுந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை, "சரி, விடு. கத அம்புட்டுதான்" என்று எழுந்தாள். ஆனால் பெரியப்பா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

தறிக்கூடத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் உண்டு. அதைப் பெரியப்பா தறிக்குத் தவிர எதற்கும் தொடவிட மாட்டார். சொந்தக்காரர்கள் காதுகுத்துக்குக் கேட்டபோதுகூட இல்லை என்று சொன்னவர். வெக்கையில் பெரியம்மா விசிறிக்கொண்டு படுத்திருந்த நாட்களிலும் அது வீட்டுக்காக ஓடியதில்லை. அதைத்தான் அவர் அன்றைக்கு மூச்சிரைக்கச் சுற்றினார். இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாவது தடவை அது பிடித்துக்கொண்டது. தறிக்கூடத்து விளக்கெல்லாம் எரிந்தது. "சகலை, இந்த ஒயரப் பிடியும்! மிதிச்சிராதேயும்!" என்று அப்பாவை விரட்டினார். ஜன்னல் வழியாக ஒயர் வந்தது. இடையில் ஓர் இணைப்பு நிற்காமல் கழன்றது. அப்பா ஜன்னலோரம் ஒரு மரக்கட்டையில் ஏறி நின்று அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கோர்ட்டில் அவ்வளவு மரியாதையாக நடமாடும் மனிதர் அப்படி நின்றதை நான் அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.

தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் வெளிச்சம். பார்த்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அம்மாள் மருமகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பிகளில் முகங்கள் நிறைந்தன. பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் பந்தயத்தை விவரமாகச் சொன்னார். "எந்தங்கச்சி எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா. அந்தப் பொம்பள வந்துட்டா எம்மகள அவளே பஸ் ஏத்தி விடுவாளாம்." அத்தை, "ஆமா, சொன்னேன்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டிவி சிக்னலைத் தேடு தேடு என்று தேடியது. வந்தபோது, நல்லவேளை, சோப்பு விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்காகவே இழுத்துப் பிடித்து வைத்திருந்ததுபோல அதற்குப் பின்னாலும் இன்னும் பல விளம்பரங்கள் வந்தன.

பிறகு பனி. பனிக்குள் ஓர் உருவம். தலை தெரிந்தது. நீள முடி இல்லை. கழுத்தோடு குதறி வெட்டியிருந்தது. தாடிக்காரன் கட்டையை ஓங்கினான்.

"பாத்தியா, இது வேற ஆளு!" என்று அத்தை கத்தினாள்.

உருவம் முகத்தைத் தூக்கியது.

"வச்சேசிந்தி!" என்று தெலுங்கு அம்மாள் அலறினாள். "வச்சேசிந்தி! வச்சேசிந்தி!" வந்துவிட்டாள் என்கிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நான் பெரியப்பாவின் நாற்காலியில் ஏறி நின்று குதித்தேன். ஜன்னலில் கைதட்டினார்கள். அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். அப்பாவும் கைதட்டிவிட்டார். உடனே டிவி அணைந்தது. எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டினோம். அவர் மறுபடி ஒயரைப் பிடித்தார்.

கலங்கரை விளக்கத்தின் பெரிய சக்கரத்தில் அவள் முடி சிக்கிக்கொண்டதாம். கத்தியால் முடியை அறுத்துத்தான் தப்பித்திருக்கிறாள். விளக்கை ஏற்றுவது யார் என்பதை அன்றைக்கும் சொல்லவில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு பெரியப்பா தணிந்த குரலில், "டிவி கததான தங்கச்சி. வெளையாட்டுக்குச் சொன்னதயெல்லாம் பெருசா எடுக்காத" என்றார்.

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். "தெரு பூராவும் கேட்டுட்டிருந்துச்சு. எம் பேச்ச நான் மாத்தணுமா?" பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். அக்கா சுவரில் சாய்ந்து, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். "ஏட்டி, என்னிக்குப் போணும்?"

"வியாழக்கிழம, அத்த."

"காலைலயே வாரேன். தலைய நல்லாப் பின்னிக்கோ. வெட்டிக் கிட்டி வைக்காத."

அக்கா அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அத்தை சொன்னபடி வியாழக்கிழமை வந்தாள். பெட்டியைத் தானே தூக்கி பஸ்ஸில் வைத்தாள் என்று பெரியம்மா சொன்னாள். அத்தை மகனுக்குப் பின்னாளில் தென்காசிப் பக்கம் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் பந்தி விசாரித்ததே அக்காதான்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள் பெரியம்மா எனக்கு ஒன்று சொன்னாள். அந்தத் தொடர் இங்கிலீஷ் சேனலில் எங்களுக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்ததாம். நான் முடியைப் பற்றிச் சொன்ன அந்த வாரம், வெள்ளிக்கிழமை மதியம், பெரியப்பா எங்கேயோ விசாரித்துத் தறிக்கூடத்து டிவியில் அதைத் தேடிப் போட்டிருக்கிறார். இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. புரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. சாப்பிட வந்தவர் நிலைப்படியிலேயே நின்று, "வந்துட்டாட்டி" என்றாராம். பெரியம்மா யாரோ விருந்தாளி என்று நினைத்து இன்னும் ஒரு உழக்கு அரிசியைக் களைந்து போட்டுவிட்டாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. ராஜபாளையத்தில் பஸ் ஏறியதும் நான் கண்டக்டரிடம் பந்தயத்தில் ஜெயித்ததைச் சொன்னேன். முன் சீட்டில் இருந்தவரிடமும் சொன்னேன். அப்பா சிவந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. பெரியப்பா, அவ்வளவு பெரிய மனிதர், அத்தனை பேர் முன்னால், சின்னப் பிள்ளையிடம் தோற்றுப்போனார். அம்மாவுக்குத் தாங்கவில்லை போலும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா. அடுத்த தடவ பெரியப்பாவுக்கு விட்டுக் குடுத்துருதேன்" என்றேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.